சொல்லப்படாத ஏவல்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் அணு உலையைப் பற்றியும் புற்றுநோயைப் பற்றியும் எழுதுவது பொருந்துமோ என வினவுவோர் உளர். அவர்தம் ஐயம் நியாயமானதே. இயற்பியலார்க்கும் மருத்துவர்க்கும் உரிய பொருளில் நாம் தலையிடுவானேன்? எனினும், 1986-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டில் நிகழ்ந்த செர்னோபில் விபத்தையும், அதன் பின்னர்ப் பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா ஆகிய பகுதிகளின் குழந்தைகளிடையே பெருகிய கேடயச் சுரப்பிப் புற்றுநோயையும் பற்றிப் படிக்கப் படிக்க, மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் கருத வேண்டிய செய்தி ஒன்று இதனுள் உண்டு என்னும் எண்ணம் நமக்கு வலுப்பட்டது. அக்குழந்தைகளை நோய்வாய்ப்படுத்தியது கதிரியக்கம். ஆயின், அது அவர்தம் கழுத்தைச் சென்றடைய வழிவிட்டது, உரிய வேளையில் சொல்லப்படாத ஓர் ஏவல்.

நிகழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1986 ஏப்ரல் 26-ஆம் நாள் அதிகாலை 1 மணி 23 மணித்துளிக்குச் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை, பாதுகாப்புச் சோதனை ஒன்று நடந்துகொண்டிருந்தபோதே வெடித்தது. தீயும் கதிரியக்கப் புகையும் அடங்கப் பத்து நாட்கள் ஆயின. அண்மையிலிருந்த பிரிபியாத் நகரின் மக்கள் ஏறத்தாழ 49,000 பேர், மறுநாள் பிற்பகலில் சுமார் 1,200 பேருந்துகளில் வெளியேற்றப்பட்டனர். சுற்றியிருந்த 30 கிலோமீட்டர் வட்டத்துச் சிற்றூர்களை வெளியேற்றும் பணி மே மாதத் தொடக்கத்தில்தான் நடந்தது. உலையின் அமைப்பிலிருந்த குறைகளைப் பற்றியும் பணியாளர் செய்த பிழைகளைப் பற்றியும் நூல்கள் பல வந்துவிட்டன. நமது நோக்கம் உலையைப் பற்றியதன்று. உலையிலிருந்து வெகுதொலைவில், வெடியோசையே கேளாத சிற்றூர்களில், காலையில் ஒரு குவளைப் பால் அருந்திய குழந்தைகளைப் பற்றியது.

கழுத்தின் முன்புறம், குரல்வளையை ஒட்டி, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. 'தைராய்டு' என்னும் பெயர் கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. அதனைத் தமிழாக்கியோர் 'கேடயச் சுரப்பி' என்றனர். பொருத்தமான ஆக்கமே; ஆயின், இந்தக் கேடயம் எதனையும் தடுப்பதில்லை என்பதே முரண். உடலின் வளர்ச்சியையும் வெப்பத்தையும் ஒழுங்குசெய்யும் சுரப்பு நீரை ஆக்குவதற்கு இதற்கு அயோடின் வேண்டும். உணவின் வழி இரத்தத்தில் கலந்து வரும் அயோடினைத் தேடிப் பற்றித் தன்னிடம் சேர்த்துக்கொள்வது இதன் இயல்பு. வருகின்ற அயோடின் நல்லதா, கதிரியக்கமுள்ளதா எனப் பகுத்தறியும் ஆற்றல் இதற்கு இல்லை. வெடித்த உலையிலிருந்து வெளிப்பட்ட அயோடின்-131 என்னும் பொருளையும் உணவென்றே இது ஏற்றுக்கொண்டது. அயோடின் போதாத மண்ணில் வாழ்வோரின் சுரப்பி பசித்திருப்பதால் மேலும் மிகுதியாகப் பற்றும். பெலாரஸ், உக்ரைன் எல்லையில் பரந்து கிடக்கும் போலேசியச் சதுப்பு நிலம் கடலுக்கு வெகுதூரத்தில் இருப்பது. அயோடின் குறைந்த மண் அது. உப்பில் அயோடின் கலந்து வழங்கும் திட்டமும் அக்காலத்தில் அங்குத் தளர்ந்து கிடந்தது.

குழந்தையின் சுரப்பி அளவிற் சிறியது. பெரியவர் சுரப்பியில் பரவி நிற்கும் அதே அளவு அயோடின், குழந்தையின் சிறு சுரப்பியில் செறிந்து நிற்கும். ஆகவே அத்திசு ஏற்கும் கதிர்வீச்சு பன்மடங்காகும். வளரும் உடலில் உயிரணுக்கள் விரைந்து பெருகுவனவாதலின், ஒருமுறை நேர்ந்த சிதைவு நிலைபெறவும் பெருகவும் இடம் மிகுதி. இவற்றோடு மூன்றாவதாக ஒன்று சேர்கிறது: வீட்டிலேயே மிகுதியாகப் பால் அருந்துவது குழந்தைதான்.

பாலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏப்ரல் இறுதி அந்நாடுகளில் இளவேனிற்காலம். பனிக்காலம் முழுதும் கொட்டிலில் உலர்தீவனம் தின்ற பசுக்கள் புதுப்புல்லைத் தேடி வெளியே வரும் காலம். காற்றில் மிதந்து வந்த அயோடின் புல்லின் மேல் படிந்தது. மழை பெய்த இடங்களில், குறிப்பாகக் கோமெல் வட்டாரத்தில், மிகுதியாகப் படிந்தது. ஒரு பசு நாள் முழுதும் பரந்த வெளியை மேய்ந்து, அங்கெல்லாம் மென்படலமாய்ப் படிந்ததைத் திரட்டி மடியில் சேர்த்துவிடுகிறது. சிறுகச் சிறுகச் சிதறிக் கிடந்த நஞ்சைச் செறிவாக்கிக் கொடுக்கும் கருவியாய்ப் பசு ஆகிவிட்டது என்று சொல்லக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுவே. கூட்டுப் பண்ணைகளின் பாலையேனும் ஆலைக்கு வரும் வழியில் சோதித்தறிய முடியும். வீட்டுப் பசுவின் பாலோ கறந்த சூட்டோடு பாட்டியின் கையிலிருந்து பேரனின் குவளைக்குச் சென்றது. அப்பாலின் நிறம் மாறவில்லை. மணமும் சுவையும் மாறவில்லை. பால் திரிந்ததை முகர்ந்தே அறியும் மூதாட்டியின் அறிவு இங்குப் பயன்படவில்லை.

இதில் இன்னுமொரு செய்தி உண்டு. நம் நெஞ்சை மிகுதியும் உறுத்துவது இதுவே. அயோடின்-131-இன் அரைவாழ்வு எட்டு நாள். அஃதாவது, எட்டு நாளில் அதன் கதிரியக்கம் பாதியாகும். பதினாறு நாளில் காற்பங்காகும். எண்பது நாளில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். முப்பது ஆண்டு அரைவாழ்வுடைய சீசியம்-137 போன்றதன்று இது. பாலை வெண்ணெயாகவோ பாற்கட்டியாகவோ மாற்றிச் சில திங்கள் வைத்திருந்தால் அயோடினைப் பொறுத்தவரை அச்சம் நீங்கியிருக்கும். மண்ணை அகழ வேண்டியதில்லை. ஊரையே பெயர்க்க வேண்டியதில்லை. சில வாரங்கள் குழந்தைகளுக்குப் புதுப்பால் கொடுக்காதிருந்தாலே இந்நோயின் பெரும்பகுதி தவிர்க்கப்பட்டிருக்கும். இத்துணை எளிதாகத் தடுக்கத்தக்க பேரிடர் வரலாற்றில் அரிது.

அந்நாளில் இதனை யார் அறிந்திருந்தார் என்று கேட்கலாம். உலகம் அறிந்திருந்தது என்பதே விடை. 1954 மார்ச் முதல் நாள் பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நிகழ்த்திய அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் ரோங்கெலாப் தீவில் விழுந்தது. அப்போது பத்து வயதுக்குட்பட்டிருந்த குழந்தைகளுள் பெரும்பாலோர்க்குப் பின்னாளில் கழுத்தில் கட்டிகள் தோன்றின. 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பிடித்தபோது, அந்நாட்டார் சுற்றுப்புறத்தில் ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் கறந்த பாலைச் சில வாரங்கள் விற்கவிடாமல் தடுத்துக் கால்வாய்களிலும் கடலிலும் கொட்டினர். அவர்கள் மட்டும் ஒளிவுமறைவற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. அத்தீயைப் பற்றிய விசாரணை அறிக்கையின் முழுவடிவத்தை அந்நாட்டு அரசு முப்பது ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தது. ஆனால் அறிக்கையை மறைத்தவர்களும் பாலைக் கொட்டத் தயங்கவில்லை. செர்னோபில் வெடிப்பதற்கு 29 ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது இது.

இனி, மொழிக்கு வருவோம். வெடிப்பு நிகழ்ந்து 67 மணி நேரத்துக்கும் மேலான பின்னரே, ஏப்ரல் 28 இரவு, மாஸ்கோ தொலைக்காட்சிச் செய்தியில் முதல் அறிவிப்பு வந்தது. அதுவும் தாமாக முன்வந்து சொன்னதன்று. அன்று காலை சுவீடன் நாட்டின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், பணியாளர் ஒருவரின் காலணியில் கதிரியக்கம் காணப்பட்டு, அது எங்கிருந்து வந்தது என்று அந்நாடு கேட்கத் தொடங்கிய பிறகே வந்தது. அவ்வறிவிப்பு நான்கைந்து தொடர்களே உடையது. செர்னோபில் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. ஓர் உலை சேதமுற்றது. விளைவுகளைக் களைய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. பாதிக்கப்பட்டோர்க்கு உதவி அளிக்கப்படுகிறது. அரசு ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. இவ்வளவே அதன் பொருள்.

இலக்கணம் பயில்வோர் இத்தொடர்களைச் சற்றே ஆராய்ந்து பார்க்கலாம். நேர்ந்தது, எடுக்கப்படுகிறது, அளிக்கப்படுகிறது, அமைக்கப்பட்டது: இவற்றில் வினை உண்டு, வினைமுதல் எங்கே? யார் எடுத்தார், யார் அளித்தார் என்பது மறைந்து நிற்கிறது. அது போகட்டும், ஆட்சியாளரின் மொழி எந்நாட்டிலும் செயப்பாட்டுவினையில் ஒளிந்துகொள்வதுதான். நாம் தேடுவது வேறொன்று. கேட்போரை நோக்கிய வினை ஒன்றேனும் அதில் உண்டா? 'கொடாதீர்கள்', 'மூடிவையுங்கள்', 'உள்ளேயே இருங்கள்' என்னும் ஏவல்வினை ஒன்றுகூட இல்லை. கோமெல் வட்டாரத்துத் தாய் ஒருத்தி அவ்வறிவிப்பைக் கேட்டிருந்தால், எங்கோ ஏதோ நடந்தது என்று அறிந்திருப்பாள். நாளைக் காலையில் தான் செய்ய வேண்டியது என்ன என்பதை அறிந்திருக்க மாட்டாள். 'பால்' என்னும் பெயர்ச்சொல் அதில் இல்லை.

பிரிபியாத் நகர மக்களுக்குச் சொல்லப்பட்டது என்பதை மறுக்கவில்லை. அங்கு அயோடின் மாத்திரை பலருக்கும் கிடைத்தது. புறப்படுமாறு வானொலியும் சொன்னது. அந்நகரின் எல்லைக்கு அப்பால் சொல் செல்லவில்லை. மே முதல் நாள் கீவ் மாநகரில் குழந்தைகள் கையில் மலரோடு தொழிலாளர் நாள் ஊர்வலத்தில் நடந்தனர். பாலில் இருக்கத்தக்க அயோடினுக்கு அரசு வரம்பு விதித்தது மே 6-ஆம் நாள்தான். கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டு மக்களிடம் பேசியது மே 14-ஆம் நாள். அதற்குள் அயோடினின் அரைவாழ்வு இரு முறை கழிந்துவிட்டிருந்தது. கேடு செய்யத்தக்க நாட்கள் எவையோ அவை அனைத்தும் மௌனத்தில் கழிந்தன.

இதற்கு மறுதலையாகப் போலந்து நாட்டை நோக்குக. அந்நாடும் அன்று சோவியத் அணியைச் சார்ந்ததே. அதற்கும் மாஸ்கோ ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரல் 28 காலையில் அந்நாட்டின் வடகிழக்கிலிருந்த அளவீட்டு நிலையம் காற்றில் மாற்றத்தைக் கண்டது. மறுநாளே குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுக்கும் பணி தொடங்கியது. மருத்துவமனையிலும் பள்ளியிலும் மழலையர் கூடத்திலும் கொடுக்கப்பட்டு, ஏறத்தாழ 1 கோடியே 5 லட்சம் குழந்தைகள் அதனைப் பருகினர். புதுப்புல் மேய்ந்த பசுவின் பாலைத் தடுத்து, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பால்தூள் வழங்கினர். நல்ல அயோடினை முன்னரே கொடுத்துச் சுரப்பியை நிறைத்துவிட்டால் பின்னர் வரும் தீய அயோடினுக்கு இடமிராது என்பதே இதன் தத்துவம். விருந்தினர் வருமுன் பந்தியை நிரப்பிவிடுவது போன்றது. ஆனால் அதற்கு வேளை உண்டு. கதிரியக்கப் பொருள் உடலுட் புகுமுன்போ, புகுந்த சில மணி நேரத்துக்குள்ளோ கொடுத்தால்தான் பயன். ஒரு நாள் கழித்துக் கொடுப்பதால் பயனில்லை, தீங்கும் நேரலாம். ஆகவே, இந்த மருந்தின் பாதி மாத்திரையில் இருக்கிறது. மறுபாதி செய்தியில் இருக்கிறது.

சொல்லாமை என்னும் நோய் அத்துடன் ஒழியவில்லை. அடுத்து வந்தது, சொல்லியும் கேளாமை. பெலாரஸ் நாட்டில் குழந்தைகளுக்கு இப்புற்றுநோய் வருவது மிக அரிது. 1986-இல் 2 பேர், 1987-இல் 4, 1988-இல் 5, 1989-இல் 6. பிறகு 1990-இல் 29, 1991-இல் 55, 1992-இன் முதற்பாதியில் மட்டும் 30. மின்ஸ்க் நகரில் இக்குழந்தைகளுக்கு அறுவை செய்துவந்த டெமிட்சிக், அவருடன் கசகோவ், அஸ்டகோவா ஆகிய மருத்துவர்கள் இவ்வெண்களை 1992 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவைச் சேர்ந்த கீத் பேவர்ஸ்டாக் முதலியோர் மின்ஸ்க் சென்று, குழந்தைகளையும் திசுக்களையும் நேரிற்கண்டு, அதே இதழில் உடன் சான்றுரைத்தனர். சில வாரங்களிலேயே ஐயுற்று மறுப்போரின் கடிதங்கள் அதே இதழில் வந்தன. அதற்கு முந்திய ஆண்டில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஏற்பாட்டில் வந்த பெரிய ஆய்வறிக்கை, கதிர்வீச்சோடு நேரே தொடர்புபடுத்தத்தக்க நோய் எதுவும் காணப்படவில்லை என்று கூறியிருந்தது. வருங்காலத்தில் கேடயச் சுரப்பிக் கட்டிகள் கூடலாம் என்று அதுவே குறிப்பிட்டிருந்தது என்பதையும் நேர்மை கருதிச் சொல்ல வேண்டும்.

மறுத்தவர்கள் தீயோர் அல்லர். அவர்களிடம் காரணம் இருந்தது. கதிர்வீச்சுக்கும் புற்றுக்கும் இடையே பத்தாண்டேனும் கழிய வேண்டும் என்பது அக்காலக் கொள்கை. இங்கோ நான்காண்டிலேயே தோன்றிவிட்டது. மேலும், இதே அயோடின்-131 நெடுங்காலமாகச் சுரப்பியின் மிகையியக்க நோய்க்கு மருந்தாகவே கொடுக்கப்பட்டு வந்தது. உண்டோர்க்குப் புற்று பெருகியதாகத் தெரியவில்லை. ஆனால் அம்மருந்தை உண்டோர் பெரும்பாலும் வளர்ந்தவர். குழந்தைகளைப் பற்றிய அறிவை வளர்ந்தவரை வைத்து அளந்தனர். அவர்கள் எழுப்பிய மற்றொரு வினா இன்னும் கூர்மையானது: தேடுவோர் மிகுந்தால் கண்டறியப்படுவனவும் மிகும் அல்லவா? முன்னெப்போதும் கழுத்தைத் தொட்டுப் பாராத மருத்துவர்கள் இப்போது ஊர் ஊராய்க் கருவியோடு சென்று பார்க்கிறார்கள்; ஆகவே எண்ணிக்கை கூடுகிறது என்றனர்.

இவ்வினாவுக்கு ஐயத்துக்கு இடமற்ற விடை கிடைக்க 2001 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்விடையைக் கண்டவர்கள் நாகசாகிப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் என்பது தற்செயலாயினும், நெஞ்சில் தங்கும் செய்தி. கோமெல் வட்டாரத்துப் பள்ளிக் குழந்தைகளை ஒரே முறையில், ஒரேவகைக் கருவிகொண்டு அவர்கள் சோதித்தனர். விபத்துக்கு முந்திய மூன்றாண்டுகளில் பிறந்த 9,720 குழந்தைகளுள் 31 பேருக்குப் புற்று இருந்தது. விபத்தின்போது கருவிலிருந்து அவ்வாண்டின் எஞ்சிய மாதங்களில் பிறந்த 2,409 பேரில் ஒருவருக்கு இருந்தது. 1987 முதல் 1989 வரை பிறந்த 9,472 பேரில் ஒருவருக்கும் இல்லை. அதே ஊர், அதே மண், அதே சோதனை. வேறுபாடு ஒன்றே: பின்னவர் பிறக்குமுன் அந்த அயோடின் அழிந்து போயிருந்தது. அந்த ஏப்ரலிலும் மேயிலும் பால் குடித்தவர்க்கே நோய் வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

2005-இல் பெலாரஸ், ரஷ்யா இரு நாடுகளிலும் நடத்தி வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று மற்றொன்றையும் காட்டியது. அயோடின் குறைந்த பகுதிக் குழந்தைகட்குக் கதிர்வீச்சால் நேர்ந்த இடர் மற்றவரினும் ஏறத்தாழ மும்மடங்கு. அயோடின் மாத்திரை உண்டவர்க்கு அவ்விடர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஏழை மண்ணில் பிறந்தமையும் ஒரு குற்றமாயிற்று. மலிவான மாத்திரை ஒன்று கிடைத்தமையும் ஒரு பேறாயிற்று.

எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் ஒருவகைப் பொய் என்பது நம் கருத்து. ஐக்கிய நாடுகள் அவையின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டிருந்தோருள் 1991 முதல் 2015 வரை 19,000-க்கும் மேற்பட்டோர்க்கு இப்புற்று கண்டறியப்பட்டது. அவை அனைத்தும் செர்னோபிலால் வந்தவையல்ல. வயது ஏற ஏற இயல்பாக வருவன உண்டு. சோதனை மிகுந்ததால் வெளிப்பட்டன உண்டு. கதிர்வீச்சுக்கு உரியவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்பது அக்குழுவின் மதிப்பீடு. தேடினால் கிடைக்கும் என்பதற்குத் தென்கொரியா சான்று. அங்கு அணு விபத்து எதுவும் நேரவில்லை. கழுத்துச் சோதனை பரவியதால் மட்டும் 1993-க்கும் 2011-க்கும் இடையே இந்நோய் பதினைந்து மடங்கு கூடியது, இறப்போர் தொகையோ மாறவில்லை. 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலைகள் சிதைந்த பின்னர் ஏறத்தாழ மூன்று லட்சம் இளையோரைச் சோதித்துக் கண்டறிந்த புற்றுகளையும், கதிர்வீச்சால் விளைந்தவை என்பதைவிட நுட்பமான சோதனையால் வெளிப்பட்டவை என்றே அதே குழு கருதுகிறது. அங்குப் பத்து நாளுக்குள் பால் விற்பனைக்குத் தடை வந்தது. மேலிடத்து ஆணைக்குக் காத்திராமல் மிஹாரு என்னும் சிற்றூரின் நிர்வாகம் தானே துணிந்து மக்களுக்கு மாத்திரை வழங்கியது. ஆகவே, செர்னோபிலின் பெயரைச் சொல்லி எல்லாக் கழுத்துக் கட்டிகளுக்கும் அஞ்சுவதும் தகாது. ஃபுகுஷிமாவின் பெயரைச் சொல்லிச் செர்னோபிலைச் சிறிதாக்குவதும் தகாது.

இப்புற்று பெரும்பாலும் குணமாவது என்பர். உண்மையே. 2005 வரை கண்டறியப்பட்ட 6,000-க்கும் மேற்பட்டோருள் இறந்தவர் 15 பேர். இதனைச் சுட்டி, 'இவ்வளவுதானே' என்பாரும் உளர். அவர்கள் எண்ணாதவை சில. சுரப்பியை அகற்றிய பின்னர் வாழ்நாள் முழுதும் காலைதோறும் வெறும் வயிற்றில் மாத்திரை உண்ண வேண்டும். அறுவையின்போது அண்மையிலுள்ள நுண்ணிய நரம்பு பழுதுபட்டால் குரல் கம்மும். பாட வந்த குழந்தை, வகுப்பில் எழுந்து விடை சொல்ல வேண்டிய குழந்தை என்று எண்ணிப் பார்த்தால், ஆசிரியராகிய நமக்கு அதன் பொருள் விளங்கும். நுரையீரலுக்கும் பரவியிருந்த குழந்தைகள் பலர் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டனர். அங்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து எது தெரியுமா? அயோடின்-131. எஞ்சிய புற்றணுக்களும் அயோடினைப் பற்றும் இயல்புடையனவாதலின், அவற்றைத் தேடி அழிக்க அதே பொருளை அளவறிந்து கொடுத்தனர். நோய் செய்ததும் தீர்த்ததும் ஒன்றே. அளவும் அறிவும் இடையே நின்றன.

அறுவை செய்த கழுத்தின் அடியில் பிறைபோல் வளைந்து கிடக்கும் தழும்புக்கு மக்கள் இட்ட பெயர் 'செர்னோபில் கழுத்தணி' என்பது. இகழ்ச்சிக் குறிப்பும் இரக்கமும் கலந்த இச்சொல்லைப் படைத்தவர் எந்தக் கவிஞரோ அல்லர். நோயுற்றோரும் அவர்தம் அண்டை அயலாருமே. அரசின் அறிவிப்பில் இல்லாத உண்மை மக்கள் வழக்கில் இப்படி ஒரு தொடராய் வந்து நின்றது. பெலாரஸ் எழுத்தாளர் சுவெத்லானா அலெக்சியேவிச், விபத்தில் சிக்கியோரின் வாய்மொழிகளைத் தொகுத்து 1997-இல் நூலாக்கினார்; 2015-இல் அவருக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. அந்நூலைப் பற்றித் தனியே எழுதத் தகும்.

நம் மாநிலத்தைப் பற்றி ஒரு சொல். கல்பாக்கத்தில் 1984-இல் அணுமின் உற்பத்தி தொடங்கியது. கூடங்குளம் உலைகளுக்கான உடன்படிக்கை 1988 நவம்பரில், செர்னோபில் வெடித்து இரண்டரை ஆண்டு கழிந்த நிலையில், அதே சோவியத் நாட்டோடு கையொப்பமானது. அங்கு அமைந்த உலை செர்னோபில் உலையினின்றும் வேறான வகையினது. கனத்த காப்புக் கட்டடம் உடையது. இவ்விரண்டையும் ஒன்றெனச் சொல்லி மக்களை அச்சுறுத்துவது நம் கருத்தன்று; அணுமின் வேண்டுமா, வேண்டாவா என்னும் வழக்கையும் ஈண்டு நாம் எடுக்கவில்லை. நாம் கேட்பது தமிழைப் பற்றியது. என்றேனும் ஒருநாள் ஓர் அறிவிப்பு வேண்டியிருந்தால் அது எத்தகைய தமிழில் இருக்கும்?

நம் அலுவலகங்களின் நடையை அறிந்தவர்க்கு அச்சம் தோன்றாமலிராது. 'கதிரியக்கப் பாதிப்பிற்குட்பட்டதாகக் கருதப்படும் பகுதிகளில் பால் மற்றும் பால்சார்ந்த பொருட்களை உட்கொள்ளுதல் மறு அறிவிப்பு வரும்வரை தவிர்க்கப்படுதல் வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதினால், படித்து முடிப்பதற்குள் குழந்தை குவளையைக் காலி செய்துவிடும். யார் கருதுகிறார், யார் தவிர்க்க வேண்டும், எந்தப் பகுதி? மூன்றும் அதில் இல்லை.

இலக்கண வகுப்பில் ஏவல்வினைக்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால், மாணவர் ஆண்டுதோறும் 'வா', 'போ', 'உண்' என்றே எழுதி வருகின்றனர். இவ்வாண்டு வேறொரு பயிற்சி கொடுக்கலாம். கடற்கரைக் குப்பம் ஒன்றில், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு தாய் ஒரே பார்வையில் அறியுமாறு, அணு உலை விபத்தின்போது ஒட்டத்தக்க அறிவிப்பை நான்கு வரியில் எழுதுக. நாம் எழுதிப் பார்த்தது இது: வீட்டுக்குள் இருங்கள், கதவையும் சன்னலையும் மூடுங்கள். நீங்களும் பிள்ளைகளும் கறந்த பாலைக் குடிக்காதீர்கள். கடையில் வாங்கிய பால்தூளைக் கரைத்துக் கொடுங்கள். மாட்டைக் கட்டிப்போடுங்கள், புல்லை அறுத்துப் போடாதீர்கள், பழைய வைக்கோலைப் போடுங்கள். சுகாதார ஊழியர் மாத்திரை கொண்டுவந்து எப்போது உண்ணச் சொல்கிறாரோ, அப்போதே குழந்தைக்கு முதலில் கொடுங்கள்.

இதனினும் சிறப்பாக எழுதும் மாணவர் நம் துறையில் உளர். எழுதித் தந்தால், துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்போம்.